காந்தம் ஒட்டாத தாங்கி

காந்தத்துக்கென்று தனி அறை இருந்தது. அந்தக் கட்டடத்தில் குளிரூட்டி பொருத்திய அறை அது ஒன்றுதான். பணிப்பாளருக்கே தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் மின்விசிறிதான் வாய்த்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. காந்தத்துக்கு வியர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

கண்டியிலிருந்து பேராதனைப் பக்கம் போகும் வழியில், மேட்டில் ஏறும் ஒரு வளைவில் இருக்கிறது மலைநாட்டு உலோகத் தர அத்தாட்சி நிலையம். ஒரு பொருள் துருப்பிடிக்குமா பிடிக்காதா என்று அரசாங்கத்துக்குச் சொல்வது அதன் வேலை. அதைச் சொல்வதற்கு நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பரிசோதனை: பொருளின் மேல் காந்தத்தை வைப்பது. ஒட்டினால் இரும்பு, நிராகரி. ஒட்டாவிட்டால் எவர்சில்வர், முத்திரை குத்து. நாற்பது வருஷத்துக்கு முந்தி வந்த ஒரு வெளிநாட்டு நிபுணர், விமானத்துக்கு நேரமான அவசரத்தில், பையில் கிடந்த காந்தத்தைக் கையில் திணித்து இதைச் சொல்லிவிட்டுப் போனாராம். மிச்சத்தைச் சொல்வதற்குள் வாகனம் கிளம்பிவிட்டது போலிருக்கிறது.

கஜலட்சுமி அங்கே பயிலுநர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பன்விலத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை. நான்கு வருஷம் உலோகங்களைப் படித்தவள். நிலையம் அவளுக்குக் கொடுத்த வேலை, காலையும் மாலையும் காந்தத்தை மெல்லிய துணியால் துடைத்து, பதிவேட்டில் "காந்தம் சுகம்" என்று எழுதிக் கையெழுத்து வைப்பது. சேர்ந்த முதல் வாரம் அவள் அதைப் பகிடி என்று நினைத்தாள். ஒரு நாள் எழுத மறந்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோதுதான் பகிடி இல்லை என்று தெரிந்தது.

அம்மா வடிவம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்டிக்கும் கம்பளைக்கும் நடுவே உள்ள ஒரு வைத்தியசாலையில் சலவைக்கூடத்து வேலைக்கு வந்திருந்தாள். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். அங்கே சலவைக்கூடத்துக் கூரைக்கு மேலே இரண்டாயிரம் லீற்றர் வெந்நீர்த் தாங்கி ஒன்று உட்கார்ந்திருந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தி இதே நிலையம் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்று சான்றிதழ் கொடுத்த தாங்கி.

"டாங்கி இன்னிக்கும் அழுவுதும்மா," என்றாள் வடிவம்மா ஒரு மாலை, கம்பளையில் அவர்கள் வாடகைக்கு இருந்த அறையில் காலை நீட்டிக்கொண்டு. "சூட்டுத் தண்ணி. சொட்டுச் சொட்டா. நாங்க பக்கெட்டு வச்சிருக்கோம்."

"எவ்வளவு நேரத்துல பக்கெட்டு நெறையுது?"

"காலையில வச்சா சாயங்காலம் நெறையுது. ஏன் கேக்குற?"

அடுத்த ஞாயிறு கஜலட்சுமி ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். துரு என்று சொல்ல ஒன்றுமில்லை. தாங்கி கண்ணாடி போல மின்னியது. ஆனால் வெல்டிங் ஓரமாக, தலைமயிர்த் தடிப்பில், கிளை விட்டுக் கிளை விட்டு ஓடும் கோடுகள். சாதாரண எவர்சில்வருக்கு ஒரு வியாதி உண்டு: சூடும், தண்ணீரில் போடும் குளோரினும், வெல்டிங் உள்ளே விட்டுப்போன இழுவிசையும் மூன்றும் சேர்ந்தால், வெளியே ஒரு புள்ளி துரு காட்டாமல் உள்ளுக்குள்ளே வெடித்துக்கொண்டே போகும். ஒரு நாள் சொட்டாது, பிளக்கும். கீழே ஏழு பெண்கள் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருப்பார்கள்.

நல்ல காலம், வைத்தியசாலை புதுத் தாங்கிக்கு ஏற்கெனவே நிலையத்திடம் ஆலோசனை கேட்டு எழுதியிருந்தது. பணிப்பாளர் கலாநிதி வீரசிங்கம் அந்தக் கடிதத்தை, மினுங்குகிற ஏதாவது ஒன்றை எழுதி அனுப்பும் என்று கஜலட்சுமியிடம் தள்ளிவிட்டார். அவள் டூப்ளெக்ஸ் உருக்கு என்று எழுதினாள், அதுவும் எவர்சில்வரில் ஒரு வகைதான். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு விதமான உலோக மணிகள் பாதிக்குப் பாதி கலந்திருக்கும். ஒரு பாதி அந்த வெடிப்பு வியாதியை மறித்து நிற்கும். மற்றப் பாதி வளைந்து கொடுக்கும். வெந்நீர்த் தாங்கிக்கென்றே பிறந்த உருக்கு.

செய்யும் வேலை கம்பளையில் பட்டறை வைத்திருந்த அரூஸுக்குக் கிடைத்தது. கஜலட்சுமி அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவாள். கோபக்கார உருக்கு தங்கச்சி இது, என்பார் அவர். சூடு கூடினாலும் கெடும், பத்தாவிட்டாலும் கெடும். ஒரு கோடு வெல்டிங் போட்டுவிட்டு, கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கைதாங்கும் அளவுக்கு அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் அடுத்த கோடு. மேற்பார்வைக்குப் போன பிரதம லிகிதர் பொன்னையா, "ஒப்பந்தக்காரர் பெரும்பாலான நேரம் உட்கார்ந்து உலோகத்தை முறைத்துக்கொண்டிருக்கிறார்" என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை அரூஸின் கோப்பில் இன்றைக்கும் இருக்கிறது. அந்த வெல்டிங்குக்கு யாராவது சாட்சி சொல்ல வேண்டுமென்றால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பரிசோதனை நாள் வந்தது. லொறியில் தாங்கியும், அதே தகட்டில் வெல்டிங் போட்ட கைவிரல் அகல மாதிரித் துண்டும் முற்றத்தில் வந்து நின்றன. குத்துவிளக்கு ஏற்றினார்கள். சாவிக்கொத்து, கொண்டையூசி வைத்திருந்தவர்கள் பத்தடி தள்ளி நிற்கும்படி அறிவிப்பு வந்தது. பொன்னையா செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் துணி விரித்த தட்டில் காந்தத்தை ஏந்தி வந்தார். பணிப்பாளர் அதை இரண்டு கையாலும் எடுத்துத் தாங்கியில் வைத்தார். மாதிரித் துண்டிலும் வைத்தார்.

டக். டக்.

நாற்பத்தொரு பேரும் மூச்சு விடவில்லை. பொன்னையா விளக்கை அணைத்தார். அதற்கும் ஒரு விதி இருந்தது.

டூப்ளெக்ஸில் பாதி காந்தத்துக்கு இழுபடும் பாதிதான், ஒட்டுவதுதான் அதன் லட்சணம், ஒட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று கஜலட்சுமி விளக்கினாள். பாடப்புத்தகத்தைக் காட்டினாள். படம் போட்டுக் காட்டினாள். வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி, ஒருவரையும் இடையில் வெட்டிப் பேசமாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, நீர் படிச்ச பிள்ளை. நான் இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனால் காந்தம் படிக்கேல்ல. அதால அதுக்குப் பக்கச்சார்பு இல்லை."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதி ஒட்டும், பாதி ஒட்டாது எண்டுறீர். அப்ப ஒட்டாத பாதியை மட்டும் கொண்டுவரச் சொல்லுமன்," என்றார்.

இந்த யோசனையை ஆராய ஒரு உபகுழு அமைந்தது. உபகுழு மூன்று முறை கூடியது. தாங்கியை நடுவால் வெட்டினால் எந்தப் பாதி ஒட்டாத பாதி என்று முதல் கூட்டத்தில் பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில் காந்தத்துக்குக் களைப்பாக இருந்திருக்கலாமா என்று ஆராய்ந்து, அதற்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் பதிவேட்டில் "காந்தம் லீவில்" என்று எழுதியவள் கஜலட்சுமிதான். தாங்கி முற்றத்தில் மழையில் நின்றது. சலவைக்கூடத்துப் பக்கெட் மத்தியானத்துக்குள் நிறையத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் பணிப்பாளரே வழி கண்டுபிடித்தார். சூடாக்கினால் காந்தத்தன்மை போய்விடும் என்று பத்தாம் வகுப்பில் படித்தது அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. மாதிரித் துண்டை எண்ணூற்றைம்பது பாகையில் பத்து மணித்தியாலம் சுட வேண்டும். தாங்கியையும் ஒப்பந்தக்காரர் தன் பட்டறையில் வைத்து அதேபோலச் சுட்டுக் கொண்டுவர வேண்டும். அப்படியும் ஒட்டினால் தாங்கியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதிதாக விலை கோரிக் கேள்விப்பத்திரம். புதுக் கேள்விப்பத்திரம் என்றால் எட்டு மாதம்.

கஜலட்சுமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சேர், அந்தச் சூட்டில் காந்தம் ஒட்டுவது போய்விடும்தான், என்றாள். ஆனால் அது போவது, நல்ல மணிகள் செத்து சிக்மா என்ற ஒரு சனியன் அந்த இடத்தில் வளர்வதால். சிக்மா வளர்ந்த உருக்கு பீங்கான் மாதிரி உடையும். தண்ணீரும் அதை அரிக்கும். நல்ல தாங்கியைக் கொன்றுவிட்டு, பிணத்துக்குச் சான்றிதழ் கொடுக்கப் போகிறீர்கள்.

வீரசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, உடையிறதைப் பற்றி எங்கட படிவத்தில கேள்வி இல்லை. ஒட்டுதோ, ஒட்டேல்லையோ. ரெண்டு பெட்டிதான் இருக்கு. நீர் சொல்லுறதை எழுத எனக்கு மூண்டாவது பெட்டி வேணும். அதுக்கு அமைச்சுக்கு எழுதவேணும்."

அன்று மாலை வடிவம்மா வலது கையில் வாழையிலை சுற்றிக்கொண்டு வந்தாள். பக்கெட்டை மாற்றும்போது வெந்நீர் பட்டுவிட்டதாம். இப்போதெல்லாம் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பக்கெட் என்றாள். பெரிய நேர்ஸிடம் சொன்னார்களாம். சான்றிதழ் வராமல் புதியதை இணைக்க முடியாது, பழையதை நிறுத்தினால் சத்திரசிகிச்சைக்கு விரிப்பு இல்லை என்று கைவிரித்துவிட்டாராம்.

"லீவு போடும்மா," என்றாள் கஜலட்சுமி.

"நான் போட்டா அந்த எடத்துல இன்னொருத்தி நிப்பா. அவ யாரு, கல்லா?"

அடுத்த நாள் கஜலட்சுமி அரூஸின் பட்டறைக்குப் போனாள்.

அரூஸ் சுடச் சொல்லி வந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். சுடுவதற்காகத் திரும்பி வந்து நின்ற தாங்கியை ஒரு தரம் பார்த்தார். "இதெ நான் சுடுறதா," என்றார். "தங்கச்சி, நாலு மாசம் இதுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு ஈந்தேன்."

"சுட வேணாம் நானா. துண்ட மட்டும் நான் சுடுறேன். டாங்கிய சுட்டதா நான் கையெழுத்துப் போடுறேன்."

"பொய்யா எழுதப் போறீங்க?"

"தெனமும் ரெண்டு தரம் எழுதுறேன். காந்தம் சுகம்னு."

அரூஸ் சிரிக்கவில்லை. புதுத் தாங்கியின் திறப்புவிழா அன்று பணிப்பாளர் காந்தத்தைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கே வருவாரே, அப்போது என்ன செய்வது என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே தலையைச் சொறிந்தார். வெந்நீர்த் தாங்கிக்குச் சூடு போகாமலிருக்கக் கண்ணாடிப்பஞ்சு சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தகடு போர்த்துவது வழக்கம். ஒப்பந்தத்திலும் அது இருந்தது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. இரண்டு அங்குலப் பஞ்சைத் தாண்டி உள்ளே இருப்பதை அந்தக் கிழட்டுக் காந்தம் உணரவும் உணராது. கால்கள்தான் சங்கடம். நான்கு கால்களும் அதே டூப்ளெக்ஸ். அவற்றைப் போர்த்த ஒப்பந்தத்தில் இடமில்லை.

நிலையத்தில் ஒரு மின்சூளை இருந்தது. பாண் பெட்டி அளவு. வாங்கிய நாளிலிருந்து பொன்னையா அதில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை வைத்து வந்தார். அவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கஜலட்சுமி மாதிரித் துண்டை அதற்குள் வைத்தாள். காலை எட்டு மணிக்கு மூட்டி, மாலை ஆறு மணிக்குத் திறந்தாள். துண்டின் மேல் சாம்பல் நிறம் படிந்திருந்தது. ஆறியபின் தேய்த்ததும் மறுபடி மின்னியது. பணிப்பாளர் காந்தத்தை வைத்தார். காந்தம் வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது.

விளக்கு ஏற்றினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திறப்புவிழாவுக்குக் காந்தம் தனி வாகனத்தில் வந்தது. பள்ளத்தில் குலுங்காமலிருக்க மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர். பின்னால் பஸ்களும் முச்சக்கரவண்டிகளும் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஊர்ந்தன. வைத்தியசாலைக் கூரைத் தளத்தில் பழைய தாங்கியும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழையதில்தான் இன்னும் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டு இப்போது சொட்டாக இல்லை. நூல் போல இறங்கியது. கீழே விரிப்புத் துவைக்கும் சத்தம் கேட்டது.

பணிப்பாளர் புதுத் தாங்கியின் வயிற்றில் காந்தத்தை வைத்தார். வழுக்கியது. முதுகில் வைத்தார். வழுக்கியது. வேலை முடிந்தது என்று கஜலட்சுமி மூச்சை விட்டாள். அவர் குனிந்தார்.

"காலிலயும் ஒருக்கா வைச்சுப் பாப்பம். முழுமையாச் செய்யவேணும்."

அரூஸின் கை கழுத்துத் துவாயை இறுக்கிப் பிடித்தது. அப்போதுதான் படியில் வடிவம்மா ஏறி வந்தாள், பின்னால் இரண்டு பெண்கள், மூன்று பேரின் தோளிலும் பிழிந்த விரிப்புகள். ஒருவரையும் பார்க்காமல் நேரே போய், புதுத் தாங்கியின் நான்கு கால்களுக்கும் குறுக்கே கயிறு கட்டி, விரிப்புகளை வரிசையாக உதறிப் போட்டாள். தண்ணீர் பணிப்பாளரின் சப்பாத்தில் தெறித்தது.

"என்னம்மா இது, விழா நடக்குது," என்றார் பொன்னையா.

"தொடாதீங்க ஐயா. தொத்து நோய் வார்டு விரிப்பு," என்றாள் வடிவம்மா. "வெயிலு போறதுக்குள்ள காயணும்."

பணிப்பாளரின் கை நின்றது. காந்தத்துக்குத் தொற்று வந்தால் என்ன செய்வது என்று விதிக்கோவையில் இல்லை. அவர் நிமிர்ந்தார். காந்தம் தட்டுக்குத் திரும்பியது. சான்றிதழில் முத்திரை விழுந்தது. அரூஸ் ஒரு நொடியும் தாமதிக்காமல் குழாயைப் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றப் போய்விட்டார்.

பிறகு உரை.

"எங்கட நிலையம் ஒரு நாளும் பிழை விட்டதில்லை," என்றார் வீரசிங்கம். "எட்டு வருஷத்துக்கு முந்தி இந்தப் பழைய தாங்கியிலும் காந்தம் ஒட்டேல்ல. இண்டைக்கும் ஒட்டேல்ல. ஒழுகுது, அது வேற விஷயம். ஒழுகிறதிலயும் அது தரத்தை விடேல்ல. இனி மாகாணத்தில உள்ள எல்லா வைத்தியசாலைக்கும் இந்த உருக்கிலதான் தாங்கி. எல்லாத்தையும் பத்து மணித்தியாலம் சுடச் சொல்லிச் சுற்றுநிருபம் வருது. அடுத்த தாங்கி குழந்தைகள் வார்டுக்கு மேல."

கைதட்டினார்கள். கஜலட்சுமி தட்டவில்லை. அம்மாவின் தலைக்கு மேலிருந்து இறக்கிய ஆபத்தைக் குழந்தைகளின் தலைக்கு மேல் ஏற்றி வைத்தாயிற்று. அதில் அவள் கையெழுத்து இருந்தது.

அவள் மேடைக்குப் போனாள். வெல்வெட்டில் வைத்திருந்த மாதிரித் துண்டை எடுத்து, தளத்தில் கிடந்த இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலம் போல வைத்தாள். அரூஸின் கருவிப்பெட்டியிலிருந்து வெல்டிங் கசடு தட்டும் சுத்தியலை எடுத்து ஒரே ஒரு போடு போட்டாள். துண்டு கிளிங் என்று இரண்டாகப் போனது. உடைந்த இடம் சீனிக்கட்டி போல மணிமணியாக இருந்தது.

"இதுதான் சேர் சுட்ட உருக்கு," என்றாள். "இந்த டாங்கிய நாங்க சுடல. சுட்டதா நான் பொய் எழுதினேன். அதனாலதான் இது நிக்குது."

விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டன. வீரசிங்கம் குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கினார். காந்தத்தை வரவழைத்தார். முதல் துண்டில் வைத்தார். இரண்டாவதில் வைத்தார்.

"பாத்தியளோ," என்றார் சபையைப் பார்த்து, குரல் தழுதழுக்க. "உடைஞ்சும் ஒட்டேல்ல."

கைதட்டல் முன்னதைவிடப் பலமாக இருந்தது. பொன்னையா பேனையைத் திறந்துகொண்டு, சான்றிதழ் ஒன்றா இரண்டா என்று கேட்டார். இரண்டு, என்றார் பணிப்பாளர். பிறகு கஜலட்சுமியின் பக்கம் திரும்பி, தகப்பன் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"சுடேல்ல எண்டு இனி ஒருத்தருக்கும் சொல்லாதையும் பிள்ளை. சான்றிதழ் குடுத்தாச்சு. சான்றிதழ் குடுத்த தாங்கி சுடாமல் இருக்க ஏலாது."

பழைய தாங்கியை வடித்து, கயிறு கட்டி இறக்கும்போது அது பாதி வழியில், வெல்டிங் ஓரமாக, தன் சொந்தக் கனத்திலேயே வாய் பிளந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. வடிவம்மா அந்த வாயை ஒரு தரம் பார்த்துவிட்டு விரிப்பை எடுக்கப் போனாள்.

சுற்றுநிருபத்தை எழுதும் வேலை கஜலட்சுமிக்கே வந்தது. சூட்டைப் பற்றித் தெரிந்த ஆள் அவள்தானே. ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதினாள். எண்ணூற்றைம்பது பாகை, பத்து மணித்தியாலம், எல்லாம் பணிப்பாளர் சொன்னபடியே. கடைசியில் ஒரு பந்தி மட்டும் அவளுடையது: தரத்தின் புனிதத்தைக் காக்கும் பொருட்டு, தாங்கியாயினும் துண்டாயினும் சூடாக்கல் இந்நிலையத்தின் சூளையில் மாத்திரமே செய்யப்பட வேண்டும், சூளைக்குள் அடங்காத பகுதிகளுக்கு மாதிரித் துண்டின் சான்றிதழே செல்லுபடியாகும், காந்தமும் அத்துண்டில் மாத்திரமே வைக்கப்பட வேண்டும்.

வீரசிங்கம் அந்தப் பந்தியை இரண்டு முறை சத்தமாக வாசித்தார்.

"இந்நிலையத்தின் சூளையில் மாத்திரமே," என்றார். "இதுதான் பிள்ளை எங்களுக்குத் தேவையான வசனம்." கையெழுத்துப் போட்டார்.

பொன்னையா சாப்பாட்டுப் பார்சலை வெளியே எடுத்து, சூளையின் அளவை அளந்து, சுற்றுநிருபத்தோடு இணைத்து அனுப்பினார். ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம். அதற்குப் பிறகு மாகாணத்தில் எந்தத் தாங்கியும் சுடப்படவில்லை. உடையக்கூடிய துண்டுகள் மட்டும் ஒவ்வொன்றாக வெல்வெட்டில் அடுக்கப்படுகின்றன.

வடிவம்மா அந்தப் பக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதில் இப்போது மகளின் வேலைச் சட்டை ஊறுகிறது. நாளைக் காலை அவள் அதைப் போட்டுக்கொண்டு போய், காந்தம் சுகம் என்று எழுத வேண்டும்.